வெள்ளித்திரையும் வாடும் பயிரும்

இயற்கையைப் பேணும் உணர்வைத் திரைப்படம் ஊட்டுமா? ஊட்டும், ஆயின் அறிவுரையால் அன்று, அன்பை விளைவிப்பதால்.

2018-இல் வெளிவந்த '2.0', கைப்பேசி அலையால் பறவைகள் மடிவதாகப் பேசிற்று. ஆனால், பறவைகளுக்காகக் கண்ணீர் வடித்த பட்சிராஜனையே பகைவனாக்கி, இயந்திர மனிதனைக் கொண்டு வீழ்த்திற்று. போரின் ஆரவாரத்தில் பறவை மறைந்தது.

2022-இல் திரைக்கு வந்த, மணிகண்டன் இயக்கிய 'கடைசி விவசாயி' வேறு வழி செல்கிறது. மயில்களைக் கொன்றதாகப் பழி சுமத்தப்பட்டுக் காவலில் வாடும் முதியவர் மாயாண்டி, தம்மை எண்ணி வருந்தவில்லை. நீரின்றிப் பயிர் வாடுமே என்றே வருந்துகிறார். அப்பாத்திரத்தை ஏற்ற நல்லாண்டி உண்மையிலேயே ஓர் உழவர். ஆதலின் அவ்வருத்தத்தில் நடிப்பின் சாயல் இல்லை. பயிரும் ஓர் உயிராக நம் நெஞ்சில் நிற்கிறது.

ஜொகூர் மாநிலத்தாராகிய நமக்கு இவ்வேறுபாடு வெறும் சுவை ஆராய்ச்சி அன்று. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவின் நச்சுக்காற்றால் மாணவர் பலர் மூச்சுத் திணறினர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆறும் ஓர் உயிரெனத் தோன்றியிருப்பின், கொட்டிய கை நடுங்கியிருக்கும்.

எனவே, வகுப்பில் படம் காட்டும் ஆசிரியர், "இதன் கருத்து யாது?" என வினவுவதோடு அமையாது, "எவ்வுயிர்க்காக உன் நெஞ்சு இரங்கிற்று?" என்றும் வினவுதல் வேண்டும்.