ஒருவகைப் பூ

மாங்காடு என்ற ஊர்ப்பெயரிலேயே ஒரு மரம் நிற்கிறது. ஆயினும் நம் ஆலய வளாகத்தில் தானாக முளைத்த செடிகளுள் பத்துக்குப் பெயர் கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். இந்த நாமே கபிலரின் குறிஞ்சிப்பாட்டைப் படிக்கிறோம். தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த மலர்கள் 99 என எண்ணி வியக்கிறோம். ஆனால் நாம் கைக்கொள்ளும் உரைநூல்களோ பல பெயர்களுக்கு 'ஒருவகைப் பூ' என்று மட்டும் எழுதி நகர்ந்துவிடுகின்றன. பெயர் மனத்தில் தங்குகிறது. பூ கண்ணுக்குத் தெரிவதில்லை.

இக்குறையைச் சுட்டாமல் சுட்டுவது, இயேசு சபைத் துறவி கே. எம். மத்தேயு அடிகளார் (1930–2004) 1999-இல் மூன்று பகுதிகளாக வெளியிட்ட பழனிமலைத் தாவர நூல். செடிகளை அழுத்தி உலர்த்திக் காக்கும் திருச்சி ராபினட் உலர்தாவரகத்தின் வெளியீடு அது. அவருக்கு முன்னரே, சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பைசன், நீலகிரி, பழனி மலைகளில் 6,500 அடிக்கு மேற்பட்ட குளிர்ப்பகுதிச் செடிகளைக் கோட்டோவியங்களுடன் விளக்கியிருந்தார்.

இத்தகைய நூலில் ஒவ்வொரு படியிலும் இரு தெரிவுகள். இலைகள் எதிரெதிரா, மாறிமாறியா? இதழ்கள் இணைந்தவையா, பிரிந்தவையா? விடை சொல்லச் செடியருகே குனிந்தே ஆகவேண்டும். பன்னீராண்டுக்கு ஒருமுறை, 2006-இலும் 2018-இலும் பூத்த நீலக்குறிஞ்சியைத் தொலைவில் நின்று கண்டவர் நிறத்தைக் கண்டார்; குனிந்தவரே எதிரெதிர் இலைகளையும் மணி போன்ற பூவையும் கண்டார்.

இது வெறும் புலமை விளையாட்டன்று. குளிர்ந்த ஐரோப்பாவிலிருந்து வந்த முட்புதர் ஒன்று நம் மலைகளில் மஞ்சளாகப் பூக்கிறது. ஆஸ்திரேலிய சீகை மரமும் அவ்வாறே. பெயர் அறியாதவர் இரண்டையும் மலையின் அழகென்றே புகழ்வார். அவற்றின் அடியில் குறிஞ்சிக்குரிய புல்வெளி மறைவதை உணரார்.

நூலுக்குக் குறையும் உண்டு. அது ஆங்கிலத்தில் உள்ளது. அதன் நடையில் ஈரமில்லை. மலையடிவாரத்துத் தமிழ்ச் சிறுவன் அதைத் திறக்க இயலாது. கபிலரிடம் மணம் உண்டு, அடையாளம் இல்லை. அடிகளாரிடம் அடையாளம் உண்டு, மணம் இல்லை. இரண்டையும் இணைக்கும் எளிய தமிழ்க் கையேடே இன்றைய தேவை.

வயல்வெளி மலர்களைக் கவனிக்கச் சொன்னார் ஆண்டவர். 'ஒருவகைப் பூ' என்று கடந்துபோவது கவனித்தல் ஆகாது.