அலைக்கு இடம்விட்டுக் கட்டுவது

ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். மொத்தம் 61 நாள். ஊருக்குள் இருப்பவர்களுக்கு இது வஞ்சிரத்தின் விலையைக் கேட்டுவிட்டுக் கெண்டை வாங்கி வருகிற காலம். என் போன்ற சிலருக்கு இதுதான் சீசன். ஓடுகிற படகின் அழகு எல்லோர் கண்ணுக்கும் தெரியும். கரையில் கிடக்கிற படகைப் பார்க்கத்தான் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

முத்தியால்பேட்டை என்றதும் பாரதி, குயில்தோப்பு என்று ஆரம்பிப்பது புதுச்சேரி வழக்கம். அதை இங்கே விட்டுவிடுகிறேன். இது தறி ஓடிய பேட்டை. அதன் கிழக்கு ஓரத்தில் கடல். மணிக்கூண்டை விட்டுக் கிழக்கே நடந்தால் சோலை நகர். அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே வந்தால் வைத்திக்குப்பம், பிறகு குருசுக்குப்பம். மாசிமகத்தன்று மயிலம் முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் தீர்த்தவாரிக்கு வந்து இறங்குவது வைத்திக்குப்பம் கடற்கரையில்தான். அன்றைக்குக் கால்வைக்க இடம் இருக்காது. மே மாதத்தில் போய்ப் பாருங்கள், வேலை செய்கிறவர்களையும் நாய்களையும் தவிர யாரும் இருக்க மாட்டார்கள்.

தடைச் சட்டம் விசைப்படகுகளை மனதில் வைத்துப் போட்டது. கட்டுமரத்துக்கும் நாட்டுப்படகுக்கும் விலக்கு உண்டு. இருந்தாலும் பழுது பார்க்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. ஆள் கிடைக்கும், வெயில் கிடைக்கும், கரையில் மணல் சூடாகக் கிடக்கும். தெற்கே தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் பெரிய மரப் படகுகளைக் கரையேற்றிக் கலப்பத்து அடித்துக்கொண்டிருப்பார்கள். பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து உளியால் தட்டித் தட்டிச் செருகுகிற சத்தம் தூரத்திலிருந்தே கேட்கும். அது வேறு வித்தை, தனியாக எழுத வேண்டியது. குப்பத்துக் கரையில் இன்று கிடப்பவை பெரும்பாலும் பைபர் படகுகள்.

பைபர் என்றால் ரசிகர்கள் மூக்கைச் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. மணலிலும் கருங்கல்லிலும் உரசி உரசி அடிப்பக்கம் கோடு கோடாகப் போன படகைக் கவிழ்த்துப் போட்டிருப்பார்கள். பழைய பூச்சைத் தேய்த்து எடுத்து, கண்ணாடி இழை விரிப்பான 'மேட்'டை அளந்து வெட்டி, ரெசினில் ஹார்டனர் கலந்து தடவி ஒட்ட வேண்டும். விஷயம் அந்தக் கலவையில்தான் இருக்கிறது. வெயில் ஏற ஏற ரெசின் சீக்கிரம் கெட்டிப்படும். அளவு கொஞ்சம் கூடினால் தடவுவதற்குள் டப்பாவிலேயே கல்லாகிவிடும். குறைந்தால் சாயங்காலம் வரை பிசுபிசுக்கும். அதனால் வேலையை விடிந்தும் விடியாததுமாகவே தொடங்கிவிடுகிறார்கள். கலக்குகிறவருக்குத் தராசும் கிடையாது, அளவுக் குவளையும் கிடையாது. டப்பாவின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துச் சூடு தெரிந்துகொள்கிறார். "வெயில் வந்துடுச்சு தம்பி, அரை மூடி போதும்" என்று ஒருவர் சொல்ல, "இன்னும் ரெண்டு சொட்டு தாங்கும்ணே" என்று இளையவன் வாதாடியதைக் கேட்டிருக்கிறேன். அண்ணன் சொன்னதுதான் நடந்தது. பிறகு இருவரும் ரோலரைப் போட்டு, 'மேட்'டுக்கு அடியில் காற்றுக் குமிழி தங்காமல் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி விரட்டினார்கள். ஒரு குமிழி தங்கினால் அந்த இடத்தில்தான் அடுத்த வருடம் உடையும்.

ஆனால் நான் அங்கே போவது இதற்காக அல்ல. கரையின் ஒரு மூலையில் இன்னும் ஒன்றிரண்டு கட்டுமரங்கள் கிடக்கின்றன. அவற்றைக் கட்டுவதைப் பார்க்கத்தான் போகிறேன்.

கட்டுமரத்தை 'படகு' என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. படகு என்பது தண்ணீரை வெளியே நிறுத்துகிற பாத்திரம். கட்டுமரத்துக்கு உள்ளும் இல்லை, வெளியும் இல்லை. தணக்கு, மலைவேம்பு, கல்யாண முருங்கை போன்ற எடையில்லாத மரங்களைத் தேர்ந்து, வாய்ச்சியால் செதுக்கி, நடுமரம் தாழவும் பக்க மரங்கள் சற்று ஏறியும் இருக்கும்படி அடுக்கிக் கட்டியது அது. முன்பக்கம், அதாவது அணியம், அலையின் மேல் ஏறுவதற்காக வளைந்து நிமிர்ந்திருக்கும். அலை மேலே விழுந்தாலும் தண்ணீர் இடுக்கு வழியாக இறங்கிப் போய்விடும். இறைக்க வேண்டியதில்லை. கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். மரம் மிதக்கிறவரை ஆளும் மிதப்பார்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. எடையில்லாத மரம் தண்ணீர் குடிக்கும். ஊறினால் கனத்துவிடும், மிதப்பு குறையும். அதனால் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் உருட்டிக் காயவைப்பார்கள். மறுபடி போகும்போது மறுபடி கட்டுவார்கள். ஒவ்வொரு முறை கடலுக்குப் போகிறபோதும் அது புதிதாகப் பிறக்கிற கலம். உலகத்தின் பாய்ப்படகுச் சங்கங்களில் சீசனுக்கு ஒரு தரம் செய்கிற ஆயத்தத்தை இந்த ஆட்கள் ஒவ்வொரு பயணத்துக்கும் செய்துவந்தார்கள்.

கட்டுகிறவர் மரத்தின் மேல் ஒரு காலை ஊன்றுகிறார். குறுக்குக் கட்டையைச் சுற்றிக் கயிற்றை மேலும் கீழுமாகக் கொடுத்து இழுக்கிறார். இழுக்கும்போது கை மட்டும் வேலை செய்யவில்லை. இடுப்பைப் பின்னால் சாய்த்து உடம்பின் எடை முழுவதையும் கயிற்றில் தொங்கவிடுகிறார். நான்கு சுற்று ஆனதும் நிறுத்தி, கயிற்றைப் பெருவிரலால் அழுத்திப் பார்க்கிறார். பிறகு, நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார்: ஒரு சுற்றைக் கொஞ்சம் தளர்த்தினார். அலையில் மரமும் மரமும் ஒன்றையொன்று கொஞ்சம் நெருக்கி விலக வேண்டும். அசையவே முடியாதபடி இறுக்கினால் அலையின் அடி முழுவதையும் கயிறு வாங்கும், ஒருநாள் கயிறு தெறிக்கும் அல்லது மரம் பிளக்கும். தளர்ந்து போனால் சொல்லவே வேண்டாம். பாவு நூலை விரல் நுனியால் தட்டி இழுவையைச் சொல்லும் நெசவாளிகள் இருந்த பேட்டைக்குப் பக்கத்திலேயே இந்த விரலும் இருந்திருக்கிறது என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

கயிறு மாறினால் கணக்கும் மாறும். தென்னைநார்க் கயிறு நனைந்தால் தடித்து இறுகும். அதனால் கரையில் கட்டும்போது கடல் இறுக்கப்போகிற இறுக்கத்துக்கு இடம்விட்டுக் கட்ட வேண்டும். நைலான் நேர்மாறு, நனைந்தால் நெகிழும். அதைக் கரையிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்க வேண்டும். நார்க் கயிற்றில் பழகிய பெரியவர்களுக்கு நைலான் பிடிக்காமல் போனதை வெறும் பழமைப் பிடிப்பு என்று தள்ளிவிட முடியாது. அவர்கள் விரல்களில் ஏறியிருந்த ஒரு வாய்பாடே செல்லாமல் போனது.

இந்தக் கடற்கரையில் ஏன் இப்படி ஒரு கலம் தோன்றியது என்பதற்குப் பதில் இந்தக் கடற்கரையே. சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் என்று பெரிதாக எதுவும் இல்லை. திறந்த கடல், சரிவான மணல், ஓயாமல் உடைகிற அலை. பிரெஞ்சுக்காரர்களின் கப்பல்களும் புதுச்சேரிக்கு எதிரே ஆழத்தில் நங்கூரம் போட்டுத்தான் நின்றன. சரக்கையும் ஆளையும் கரைக்குக் கொண்டுவந்தவை சலங்குப் படகுகள். அவற்றிலும் ஆணி கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள், அலை அறைந்தால் உடல் நெளிந்துகொடுக்கும். ஆணி அடித்த ஐரோப்பியப் படகுகள் இந்த அலையில் பட்ட பாட்டை அக்காலத்துப் பயணிகள் பலர் எழுதிவைத்திருக்கிறார்கள். 1860களில் கடலுக்குள் கட்டிய இரும்புப் பாலம்கூட 1952 புயலில் போய்விட்டது. கயிற்றால் கட்டிய மரமும் தைத்த சலங்கும் இந்த அலையைத் தாக்குப்பிடித்தன.

பாய் கட்டிய கட்டுமரத்தைச் சோலை நகரில் இன்று தேடாதீர்கள். மோட்டார் வந்ததும் பாய் போயிற்று. 2004 சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் பைபர் படகுகளை அள்ளிக் கொடுத்ததும் ஒன்றிரண்டு தவிர மரமும் போயிற்று. மரம் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. காற்றைப் பற்றிய பேச்சு மட்டும் இன்னும் இருக்கிறது. விடிவதற்கு முன் தரையிலிருந்து வீசும் காற்றில் போய், பகல் ஏறியபின் கடலிலிருந்து வீசும் காற்றில் திரும்புவதுதான் பாய் நாளின் அடிப்படைக் கணக்கு. தடை முடிகிற ஜூன் பாதியில் இந்தக் கணக்கு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அப்போது கச்சான் பலமாக வீசுகிற சமயம். மேற்கிலிருந்து தள்ளுகிற காற்றில் போவது சுகம், திரும்பத்தான் பாடு. கச்சான் ஓங்கியிருக்கும் நாளில் கடற்காற்று நேரத்துக்கு வராது. அதுவரை காத்திருக்க வேண்டும், அல்லது கலம் பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கிற அடப்பலகையை இறக்கிக் குறுக்கும் நெடுக்குமாகக் கரையைப் பிடிக்க வேண்டும். மோட்டார் வைத்த பிள்ளைகளும் ஜூன் மாதம் டீசலையோ மண்ணெண்ணெயையோ ஒரு கேன் கூடுதலாகவே எடுத்துவைக்கிறார்கள். காரணம் கேட்டால் 'கச்சான்' என்று ஒரே சொல்லில் பதில் வரும்.

பாயை உயிரோடு பார்க்க வேண்டுமானால் தெற்கே, பாக் நீரிணைப் பக்கம் போக வேண்டும். ராமநாதபுரம் மாவட்டம் தொண்டியைச் சுற்றியுள்ள மீனவ ஊர்களில் கோயில் திருவிழாவை ஒட்டிப் பாய்மரப் படகுப் போட்டி நடத்துகிறார்கள். அங்கே கடல் ஆழமில்லாதது, அலையும் அடங்கியது, கலமும் வேறு. குறுகலான வள்ளத்துக்குப் பெரிய பாய், காற்று வரும் பக்கம் வெளியே நீட்டிய ஒரு பலகை. காற்று ஓங்கினால் ஆட்கள் அந்தப் பலகை மேல் நகர்ந்து நகர்ந்து கடலுக்கு மேலேயே போய் உட்கார்வார்கள். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1920-இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வில் இந்தப் பலகைக்கும் கட்டுமரத்துக்கும் நிறைய இடம் கொடுத்திருக்கிறார். 1911-இல் தொடங்கிய சென்னையின் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பில் பாய்ப்படகு ஓட்டுகிற பிள்ளைகள் படகின் விளிம்பில் காலை மாட்டிக்கொண்டு வெளியே சாய்வார்களே, பலகைமேல் உட்கார்வதும் அதே கணக்குதான். டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்று, பாய்ப்படகில் அந்த இடத்தைப் பிடித்த முதல் இந்தியப் பெண்ணான நேத்ரா குமணன் சென்னைக்காரர். தொலைக்காட்சியில் அவர் சாய்ந்ததைப் பார்த்து வியந்தவர்களில் எத்தனை பேர் தொண்டிக்குப் போய் ஒரு பந்தயம் பார்த்திருப்பார்கள்?

குப்பத்து விஷயத்துக்குத் திரும்புகிறேன். கட்டுவதற்கு மரமும் கயிறும் போதாது, மணல் வேண்டும். உருட்ட, காயவைக்க, கவிழ்த்துப் போட, வலை விரிக்க. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்றின் வாயில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்தன. மணல் தெற்கே தேங்கியது, வடக்கே கரை கரைந்தது. நகரத்துக் கடற்கரைச் சாலைக்கும் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகருக்கும் கருங்கல்தான் மிஞ்சியது. 2018-இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு போட்டார்கள். கடற்கரைச் சாலைக்கு மணல் திரும்பியது, சுற்றுலாப் பயணிகள் செருப்பைக் கழற்றிப் படம் எடுத்துக்கொண்டார்கள். வடக்கே இருக்கும் குப்பங்களில் இன்னும் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கிடக்கிற துண்டு மணலில்தான் வேலை. சில படகுகளைத் தெருவுக்கே கொண்டுவந்து, வீட்டுத் திண்ணையை ஒட்டிக் கவிழ்த்திருக்கிறார்கள். கைவினைப் பொருட்காட்சி நடத்துகிறவர்கள் ஒரு கட்டுமரத்தைத் தூக்கிக்கொண்டுபோய்க் கண்ணாடிக் கூண்டுக்குள் வைப்பதற்குப் பதில் பத்து கஜம் மணலுக்கு வழி பண்ணினால் அந்தக் கலை பிழைக்கும் என்பது என் கட்சி.

வலை வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஆனால் அது எனக்கு அவ்வளவாகக் கைவராத ரசனை. நண்டு வலையில் கிழிந்த கண்ணிகளை ஊசியால் பின்னிச் சேர்ப்பதை மணிக்கணக்கில் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் பார்ப்பது, வேலை முடிந்தபின் மேல்கயிற்றின் மிதப்பும் கீழ்க்கயிற்றின் ஈயமும் சரியாக இருக்கிறதா என்று இருவர் வலையை இரு முனையில் தூக்கிப் பிடிக்கிற அந்த ஒரு நிமிடத்தை மட்டும். புதுக் கண்ணி பளிச்சென்று தெரியும், பழையது கடலின் நிறத்தில் இருக்கும்.

பார்க்க விரும்புகிறவர்கள் ஜூன் முதல் வாரத்தில், ஏழு மணிக்கு முன்னால் போய்விடுங்கள். அதற்குப் பிறகு ரெசின் வேலையை நிறுத்திவிடுவார்கள், கட்டு வேலையும் நிழலுக்கு ஒதுங்கும். 14-ஆம் தேதி போய்ப் பயனில்லை. அன்றைக்கு ஐஸும் எரிபொருளும் ஏற்றுகிற அவசரம், படகுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிற அவசரம், நடுவில் நம்மைப் போன்றவர்கள் இடைஞ்சல். வலை பின்னுகிறவரிடம் பேச்சுக் கொடுக்கலாம், ஊர்க்கதை முழுக்கச் சொல்லுவார். ரெசின் கலக்குகிறவரிடம் கலந்து முடித்தபின் பேசலாம். கயிறு கட்டிக்கொண்டிருப்பவரிடம் மட்டும் வாய் திறக்காதீர்கள். "எண்ணிக்கை போயிடும், அப்புறம் வாங்க" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் போனபோது மரம் கடலில் இருந்தது.