உறுமி மேளத்தின் மீதான வழக்கு

மலேசியத் தமிழரிடையே ஓயாமல் நடக்கும் இசைச் சண்டைகளில் மிகச் சூடானது எது என்று கேட்டால் தயங்காமல் உறுமி மேளத்தைச் சொல்வேன். ரசனை, சாதி, பக்தி, இளைஞர் ஒழுக்கம் எல்லாம் அந்த ஒரு மேளத்தின் மேல் வந்து விழுகின்றன. தைப்பூசத்தை ஒட்டிப் பத்துமலையைச் சுற்றி நடக்கும் இந்த வாதம் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களையும் விட்டுவைப்பதில்லை. தோட்டத்து அம்மன் திருவிழா நெருங்கினால் கேள்வி எழும்: இந்த ஆண்டு உறுமி வைப்பதா, வேண்டாமா? தீமிதிக்கு நாள் குறிப்பதிலும் அன்னதானத்துக்குப் பணம் திரட்டுவதிலும் ஒன்றாக நிற்பவர்கள் இந்த இடத்தில் பிரிந்துவிடுகிறார்கள்.

இரு தரப்பையும் நிதானமாக எடைபோட்டுப் பார்க்க வேண்டிய வழக்கு இது. எனக்குச் சார்பு உண்டு. உறுமி கேட்டு வளர்ந்தவன் நான். ஆகவே எதிர்ப்பவர்களின் வாதங்களை அவர்களுடைய வலு குறையாமல் முன்வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதல் குற்றச்சாட்டு, இது இசையே இல்லை, வெறும் இரைச்சல் என்பது. கருவியிலிருந்தே தொடங்குவோம். உறுமி இடை ஒடுங்கிய, இருபுறமும் தோல் கட்டிய மேளம். ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மறு முகத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது குச்சி தோலில் ஒட்டும், நழுவும், மறுபடி ஒட்டும். கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நடக்கும் இந்த ஒட்டலும் நழுவலும்தான் அந்த உறுமலாக எழுகின்றன. வயலின் வில் தந்தியின் மேல் செய்வதும் இதையேதான். பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் கர்நாடக இசைக்குள் நுழைந்த வயலின் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளில் கச்சேரி மேடைக்கு இன்றியமையாததாகிவிட்டது. உராய்வில் பிறக்கும் ஒலி தந்தியில் எழுந்தால் நாதம், தோலில் எழுந்தால் இரைச்சல் என்பவர் அதற்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர். உறுமியில் ஒரே ஓசைதானே என்பது காரணமாகாது. அழுத்தம் கூடினால் ஒலி ஏறும், தளர்ந்தால் இறங்கும். கைதேர்ந்தவர் வாசிக்கும்போது அது கேள்வி கேட்பது போலவும் விம்முவது போலவும் வளைவதைக் காது கொடுத்தவர் யாரும் மறுக்க மாட்டார்.

தோல் கருவிகளில் மேல் கீழ் பார்ப்பது நம்மிடம் புதிதில்லை. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் முழவுகளை அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு என்றெல்லாம் வகுத்து, அவற்றை உத்தமம், மத்திமம், அதமம் என்று தரம் பிரிக்கிறார். உறுமியை எதிர்ப்பவர்களுக்கு இது சாதகமான சான்றுபோலத் தோன்றும். ஆனால் அவர் உத்தம வரிசையில் வைத்த கருவிகளில் ஒன்று கரடிகை. கரடி கத்துவது போன்ற ஓசை உடையது என்று அவரே அதற்கு விளக்கமும் தருகிறார். கரகரத்த ஓசை என்பதற்காக ஒரு கருவியைத் தாழ்த்தும் மரபு அந்த உரையில் இல்லை. இன்றைய ஒவ்வாமைக்கு வேறு ஊற்று இருக்க வேண்டும்.

அந்த ஊற்றைத் தேடினால் தோட்டத்துக்குத்தான் வந்து சேர்கிறோம். 1885இல் இந்த மேட்டுநிலப் பகுதியை அளக்க வந்த வில்லியம் கேமரனின் பெயர்தான் மலைக்கு நிலைத்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் வந்தது. கங்காணிகள் ஊரிலிருந்து தோட்டத்துக்கு ஆள் சேர்த்துவந்த கங்காணி முறையின் கடைசிப் பத்தாண்டு அது. தொழிலாளர்களை அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்தியது. அப்படி மலாயாவுக்கு வந்தவர்களில் பலர் தமிழ்நாட்டு ஊர்களில் கோயிலின் உள்ளே விடப்படாத, அல்லது வாசலோடு நிறுத்தப்பட்ட சாதியினர். தோட்டத்தில் அவர்கள் கட்டிக்கொண்ட கோயில் மரத்தடி முனியாண்டிக்கும் மாரியம்மனுக்கும் மதுரை வீரனுக்கும் உரியது. அந்தத் தெய்வங்களுக்கு அவர்கள் கையில் இருந்த மேளம்தான் ஒலித்தது. ஆகமத்தில் உறுமிக்கு இடமில்லை என்ற இரண்டாவது குற்றச்சாட்டு, ஆகமமே எட்டாத இடத்தில் பிறந்த கோயிலை ஆகமத்தின் அளவுகோலால் அளக்கிறது.

இதில் ஒரு விசித்திரமான ஒற்றுமையும் உண்டு. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். அதன்பின் கோ. சாரங்கபாணி போன்றோர் முன்னின்ற தமிழர் சீர்திருத்த இயக்கம் காவடியையும் தீமிதியையும் உயிர்ப்பலியையும் மூடப்பழக்கம் என்று கண்டித்தது. பிற்காலத்தில் சைவ, ஆகம வழியில் கோயில்களைத் திருத்த வந்தவர்களும் ஏறக்குறைய இவற்றையே கண்டித்தார்கள். கடவுளை மறுத்தவர்களும் கடவுளை முறைப்படி வணங்கச் சொன்னவர்களும் தோட்டத் தொழிலாளியின் சாமியாட்டத்தில் ஒரே கூச்சத்தை உணர்ந்தார்கள். மலேசியத் தமிழரின் சமய எழுச்சியை ஆராய்ந்து 2006இல் நூல் எழுதிய ஆண்ட்ரூ வில்ஃபோர்டும் படித்த நடுத்தர வர்க்கத்தின் இந்தக் கூச்சத்தைக் கவனித்திருக்கிறார். சீர்திருத்தக்காரர்கள் தொழிலாளியின் நன்மையை நாடியவர்கள். உயிர்ப்பலி குறைந்ததில் எனக்கும் நிறைவே. ஆனால் பலியோடு மேளத்தையும் ஒரே கட்டாகக் கட்டியது பிழை.

மங்கல இசைதான் நம் பண்பாடு என்கிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நம் நாட்டுக் கோயில்களில் நாகஸ்வரமும் தவிலும் வாசிக்கும் கலைஞர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதி பெற்று வருகிறவர்கள். அனுமதி தாமதமானால் நாகஸ்வரம் இல்லாமலே கோயில் விழா நடக்கிறது. அவர்களுடைய கலைமேல் எனக்கு அளவற்ற மதிப்பு உண்டு. ஆனால் இந்த மண்ணில் பிறந்த பிள்ளைகள் தாங்களே சேர்ந்து, தாங்களே கற்று, தாங்களே காசு போட்டுக் கருவி வாங்கி வாசிக்கும் கோயில் இசை எது என்றால் உறுமி மேளம்தான். தமிழ்நாட்டில் பிறப்பை ஒட்டி ஒருவர் கைக்கு வந்த தோல் கருவி, இங்கே விருப்பத்தால் கைக்கு வருகிறது. எந்தச் சாதி என்று கேட்காமல் குழுவில் சேர்க்கிறார்கள். இந்த மாற்றத்தின் பெருமையை நாம் இன்னும் சரியாக உணரவில்லை.

தேயிலை பறிக்கும் வேலை இன்று பெரும்பாலும் வங்காளதேசிகள், நேப்பாளிகள், இந்தோனேசியர்கள் கையிலும் இயந்திரத்திலும் இருக்கிறது. தமிழ் இளைஞர்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். திருவிழாவுக்கு அவர்களை மலையேற வைப்பவற்றுள் மேளமும் ஒன்று.

இனி, எதிர்ப்பவர்கள் பக்கம் உண்மை இருக்கும் இடம். உறுமிக் குழுக்கள் சினிமாப் பாட்டு வாசிக்கின்றன, ஒலிபெருக்கியில் ஊரே அதிர வாசிக்கின்றன என்கிறார்கள். சினிமாப் பாட்டு என்பதை மட்டும் வைத்துக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’ படத்துக்குக் காருகுறிச்சி அருணாசலம் நாகஸ்வரம் வாசித்தார். அதனால் நாகஸ்வரம் தாழ்ந்துவிடவில்லை. எல். ஆர். ஈஸ்வரி சினிமாவில் பாடியவர்தான். அவர் பாடிய அம்மன் பாடல்கள் ஒலிக்காத ஆடி மாதம் மலேசியாவில் ஏது? பாட்டு எங்கிருந்து வந்தது என்பதைவிட, அதை மேளம் என்ன செய்கிறது என்பதே கேள்வி. மெட்டின் துள்ளலை மட்டும் எடுத்து, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே உச்ச வேகத்தில் அடித்துத் தள்ளும்போது உறுமியின் தேய்ப்பு ஓசை அடி ஓசைக்குள் மூழ்கிப்போகிறது. எந்தத் தனித்தன்மைக்காக இந்தக் கருவியைப் போற்றுகிறோமோ அதையே வாசிப்பவர் தொலைத்துவிடுகிறார். இந்தக் குறையைக் கண்டித்துச் சொல்ல உறுமியின் எதிரியாக இருக்க வேண்டியதில்லை. நேசிப்பவர்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஒலிபெருக்கியைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. உறுமி திறந்த வெளிக்காகவே பிறந்த கருவி. பள்ளத்தாக்குக்குள் தொழிலாளர்களின் லய வீடுகள் அடுக்கியிருக்கும் தோட்டத்தில் அதன் குரல் தானாகவே எதிர்ச்சரிவுக்குப் போய்ச் சேரும். அதற்கு மேல் பெட்டி அடுக்கி ஒலி கூட்டுவது அண்டை வீட்டு முதியவரையும் கைக்குழந்தையையும் வதைக்கிறது; ஊருக்குள் வந்தால் தானா ராத்தா மருத்துவமனையில் படுத்திருப்பவரையும் வதைக்கும். இரைச்சல் என்ற குற்றச்சாட்டு இங்கே முழுக்கச் செல்லும். ஆனால் குற்றவாளி மின்சாரம். தோலும் குச்சியும் அல்ல.

உறுமிக் குழுக்களைக் குண்டர் கும்பல்களோடு சேர்த்துப் பேசும் பேச்சுக்கு வருவோம். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு தடைசெய்யப்பட்ட 49 கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர்களில் இந்தியர் பெரும்பான்மை என்ற செய்தி நம் சமூகத்தை உலுக்கியது. கறுப்புச் சட்டையோடு மேளம் தூக்கி வரும் இளைஞர்களைக் கண்டால் பெற்றோர் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. சில ஊர்வலங்களில் கும்பல் அடையாளங்கள் தலைகாட்டியதும் உண்மை. ஆனாலும் மேளத்தைத் தடுத்தால் கும்பல் கரையும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. சிங்கப்பூர் 1973இலேயே தைப்பூச நடை ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை போட்டது. குழுக்களுக்கிடையே மோதல் என்பது சொல்லப்பட்ட காரணம். நாற்பது ஆண்டுக்கு மேல் தடை நீடித்தும் மேளத்தின் மேலிருந்த ஆசை அடங்கவில்லை. 2015 தைப்பூசத்தில் மேளத்தை ஒட்டியே தகராறு மூண்டு மூவர் கைதானார்கள். மறு ஆண்டே வழித்தடத்தில் குறிப்பிட்ட சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி வந்தது. இடமும் நேரமும் வகுத்துக் கொடுப்பதே நடக்கக்கூடிய வழி என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

ஆதரிப்பவர்களையும் விட முடியாது. இது பாட்டன் கலை, ஒடுக்கப்பட்டவர் கலை, குறை சொல்பவர் எல்லாரும் சாதி பார்க்கிறவர் என்று அவர்கள் வாயடைக்கிறார்கள். ரசனை என்பது வர்க்கத்தின் முத்திரை என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியேர் பூர்தியூ 1979இல் விரிவாக எழுதினார். அதில் நிறைய உண்மை உண்டு; மேலே நான் சொன்ன கூச்சத்தின் வரலாறே அதற்குச் சான்று. ஆனால் ரசனை முழுவதும் வர்க்கம்தான் என்று கடைசிவரை இழுத்தால், நல்ல உறுமிக்கும் மோசமான உறுமிக்கும் வேறுபாடு இல்லாமல் போகும். பத்து ஆண்டு கை தேய உழைத்தவனும் நேற்றுக் குச்சி பிடித்தவனும் ஒன்றாகிவிடுவார்கள். ஒரு கலையை விமரிசனத்துக்கு அப்பால் தூக்கி வைப்பது அதை மதிப்பதாகாது. கச்சேரி முடிந்த மறுநாள் பாடகரின் சுருதியையும் காலப்பிரமாணத்தையும் அலசுகிறோம். உறுமிக்காரருக்கு அந்த மரியாதை இதுவரை கிடைத்ததில்லை.

அப்படியானால் உறுமியை எந்த அளவுகோலால் அளப்பது? மேடைக் கச்சேரியின் அளவுகோல் இங்கே பொருந்தாது, ஏனெனில் உறுமியின் வேலை வேறு. அருள் இறங்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். கரகம் தலையில் இருக்கிறது. ஆள் இன்னும் தன் நினைவில்தான் நிற்கிறார். மேளம் மெல்லத் தொடங்குகிறது. மூத்த உறுமிக்காரரின் கண் அந்த ஆளின் தோளிலும் பாதத்திலும் இருக்கும். தோள் துடித்தால் தேய்ப்பு நீளும். பாதம் தாளத்தைப் பிடித்தால் அடி நெருங்கும். அவசரப்பட்டு வேகம் கூட்டினால் அருள் வராது, வந்தாலும் நிற்காது. வந்தபின் அதைத் தாங்கிப் பிடிப்பது அடுத்த வேலை. இவற்றைவிடக் கடினமானது சாமி மலையேறும் நேரம். பூக்குழி தாண்டி வந்தவரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர, வேகத்தை ஒரே அடியாக நிறுத்தாமல் படிப்படியாகத் தளர்த்த வேண்டும். சட்டென்று நிறுத்தினால் ஆள் நிலைகுலைந்து விழுவார் என்று மூத்தவர்கள் எச்சரிப்பார்கள். ஏற்றுவது, தாங்குவது, இறக்குவது ஆகிய மூன்றிலும் தேறுகிறவரே உறுமி வித்துவான். பதிவு செய்த பாட்டைப் பெட்டியில் போட்டு இதைச் செய்ய முடியாது. எதிரில் நிற்கும் உடம்பைப் பார்த்து அது மாறாது. இந்த அளவுகோலில் வைத்தால் இன்றைய இளம் குழுக்களில் பல ஏற்றுவதில் மட்டும் தேறியவை. இறக்கக் கற்றவை குறைவு.

என் தீர்ப்பு இது. இரைச்சல், ஆகமம் என்ற இரண்டு குற்றச்சாட்டுகளும் உறுமியின் மேல் நிற்கவில்லை. கும்பல் என்பது காவல்துறையின் வேலை. அந்தப் பழியை மேளத்தின் தோளில் ஏற்றுவது அநியாயம். ஒலிபெருக்கி மேலும் ஒரே வேக வாசிப்பின் மேலும் வைத்த குற்றம் நிரூபணமாகிறது; ஆதரிப்பவர்கள் இதை ஏற்கத்தான் வேண்டும். தோட்டத்து அம்மன் கோயிலில் உறுமிக்கு இடம் உண்டு, அதுவும் ஓரத்தில் இல்லை, கருவறைக்கு நேரே உள்ள வாசலில். அந்த இடத்தைப் பெற்றவர் ஒலிபெருக்கி இல்லாமல் வாசிக்க வேண்டும். கோயில் நிர்வாகம், யார் மலிவு என்று பார்க்காமல் யாருக்கு இறக்கத் தெரியும் என்று பார்த்துக் குழுவை அழைக்க வேண்டும். நாகஸ்வரக்காரருக்குத் தரும் தாம்பூலத்தையும் சம்பளத்தையும் மரியாதையையும் உறுமிக்காரருக்கும் தர வேண்டும். தோட்டத்தில் மிஞ்சியிருக்கும் மூத்த உறுமிக்காரர்களிடம் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை உட்கார வைக்க ஒரு ஆலயம் முன்வந்தால் போதும், அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் வைப்பதா வேண்டாமா என்ற கேள்விக்குப் பதிலாக எந்தக் குழு நன்றாக வாசிக்கிறது என்ற கேள்வி எழும். அந்தச் சண்டையில் கலந்துகொள்ள நான் தயாராக இருக்கிறேன்.