வீட்டில் என்ன மொழி, பள்ளியில் எவ்வளவு படிப்பு?

சிங்கப்பூர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு கேள்வி உண்டு: வீட்டில் அதிகம் பேசும் மொழி எது? அந்த விடையைக் கல்வித் தகுதியோடு சேர்த்து அட்டவணை போடுகிறார்கள். 2010இல் ஆங்கிலம் என்று சொன்னவர்கள் 32.3 விழுக்காடு, 2020இல் 48.3. தமிழ் 3.3இலிருந்து 2.5க்கு இறங்கியது. படிப்பு கூடக் கூட வீட்டில் ஆங்கிலமும் கூடுகிறது என்பதே அந்த அட்டவணையின் சேதி.

நம் இந்தியக் கணக்கெடுப்பு இதைக் கேட்பதில்லை. குழந்தைப் பருவத்தில் தாய் பேசிய மொழியைக் கேட்கும்; தெரிந்த வேறு இரண்டு மொழிகளைக் கேட்கும். இன்று வீட்டில் புழங்கும் மொழிக்குக் கட்டம் கிடையாது. 2011 கணக்கின்படி தமிழ்நாட்டில் உருது 1.75 விழுக்காடுதான். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் சில தெருக்களுக்குள் நுழைந்தால் காதில் விழுவதெல்லாம் உருதுதான்; அங்கே அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

ஒடுகத்தூர், தோல் தொழில் நடக்கும் இந்த ஊர்களின் வட்டாரத்து ஓரத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக்குப் போனால் சமவெளித் தமிழ், மலைத் தமிழ், உருது, தெலுங்கு எல்லாம் காதில் விழும். ஆட்டுக்கு விலை படிவதற்கு மொழி குறுக்கே வருவதில்லை. முதல் வகுப்பில்தான் வருகிறது. டீச்சர் சொல்வது பிடிபடாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை ‘மந்தம்’ என்று ஒதுக்காமல் காப்பாற்ற, அதன் வீட்டுமொழி தெரிந்திருக்க வேண்டும். வீட்டுமொழியையும் படிப்பையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கத்தின் பெரிய பலம் இதுதான். தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் வழிசெய்ய வேண்டும் என்று அரசமைப்பின் 350அ பிரிவு சொல்வதும் இதனால்தான்.

ஆனால் கட்டத்தில் ‘உருது’ என்று எழுதியதும் விவகாரம் முடிந்துவிடுவதில்லை. இங்கே வீடுகளில் பேசுவது தக்கனி என்ற தென்னாட்டு வழக்கு. பாடப்புத்தகத்தில் இருப்பது டெல்லி, லக்னோ வழிவந்த உருது. உருது வழிப் பள்ளியில் சேர்ந்த பிள்ளையும் முதல் நாள் ஒரு வேற்றுமொழியைத்தான் சந்திக்கிறது. மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளைக்கும் இதே கதைதான். ஆனால் ‘தமிழ்’ என்று எழுதியிருப்பதால் அதன் சிரமம் யார் கண்ணிலும் படாது. தெலுங்கு வீட்டுப் பிள்ளையோ பெரும்பாலும் தமிழ் வழியில் படித்துவிடுகிறது. அதன் வீட்டுமொழியைப் பள்ளி கேட்டதே இல்லை.

இதைவிடப் பெரிய குறை, காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிவிடுவது. சிங்கப்பூரில் படித்தவர்கள் வீட்டுக்குள் ஆங்கிலத்தைக் கொண்டுவந்தார்கள். நம் பெற்றோர் அதைத் திருப்பிப் போட்டு, வீட்டில் ஆங்கிலம் பேசினால் படிப்பு வந்துவிடும் என்று நம்புகிறார்கள். ‘உருது பேசுகிறவர்கள் படிப்பில் பின்தங்கியவர்கள்’ என்ற பேச்சும் இதே ரகம். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் தொடங்கியது. மேல்விஷாரத்தில் 1965இலும் ஆம்பூரில் 1969இலும் கல்லூரிகள் வந்தன. உருது புழங்கும் சமூகத்தார் தோல் வணிகத்தில் ஈட்டிய பணத்தில்தான் இவை எழுந்தன. தோல் மண்டி முதலாளி வீட்டிலும் உருதுதான், தோல் ஷாப்பில் கூலிக்கு நிற்பவர் வீட்டிலும் உருதுதான். இரண்டு வீட்டுப் பிள்ளைகளின் படிப்பும் ஒன்றா? மொழிக் கட்டம் வருமானத்தை மறைத்துவிடுகிறது. பெண்பிள்ளையின் படிப்பை எந்த வகுப்போடு நிறுத்தினார்கள் என்பதையும் மறைத்துவிடுகிறது.

கொள்கை வகுப்பவர்களும் இந்தக் கட்டத்தைத் தாண்டி யோசித்ததாகத் தெரியவில்லை. தமிழ்நாட்டின் 2006 தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழைக் கட்டாயமாக்கியது. நல்ல சட்டம் என்றே நினைக்கிறேன். அப்படி முதல் வகுப்பில் தமிழ் தொடங்கிய பிள்ளைகள் பத்தாம் வகுப்பை எட்டிய 2016இல், மொழிச் சிறுபான்மைப் பள்ளிகளில் போதிய தமிழாசிரியர்கள் இல்லை என்ற முறையீடு நீதிமன்றம் போனது, தமிழ்த் தேர்விலிருந்து விலக்கும் கிடைத்தது. 2023இல் உச்ச நீதிமன்றம் வரை போய் விலக்கு நீண்டது. விலக்கு பெற்ற பிள்ளை பத்தாம் வகுப்பைத் தாண்டிவிடும், சரி. ஆனால் 2021 டிசம்பர் அரசாணைக்குப் பிறகு, தமிழ்த் தாளில் 40 விழுக்காடு எடுக்காமல் டி.என்.பி.எஸ்.சி. வேலை இல்லை. தமிழ் வழியில் படித்தோருக்கான 20 விழுக்காடு ஒதுக்கீடும் அந்தப் பிள்ளைக்கு இல்லை. பரீட்சையில் காட்டிய சலுகை வேலைவாய்ப்பில் வந்து கழுத்தைப் பிடிக்கிறது.

ஆகவே விலக்கு கேட்டு அலைவதைவிட, உருதுப் பள்ளிகளுக்கு நல்ல தமிழாசிரியர்களைக் கேட்டுப் போராடுவதே புத்திசாலித்தனம். உருதுவை எடுத்துவிட்டுத் தமிழை வைக்கச் சொல்லவில்லை. முதல் மூன்று வகுப்புகளாவது வீட்டுமொழியின் கைபிடித்துத் தமிழுக்குள் கூட்டிவர வேண்டும். அதற்கு உருதுவும் தமிழும் தெரிந்த ஆசிரியர் வேண்டும்.

அடுத்த கணக்கெடுப்புவரை காத்திருக்கவும் வேண்டாம். சேர்க்கைப் படிவத்தில் தாய்மொழிக்குக் கீழே இன்னும் இரண்டு வரி சேர்த்தால் போதும்: வீட்டில் யார் யாரிடம் என்ன மொழி பேசுகிறார்கள், அம்மா எதுவரை படித்திருக்கிறார். ஒடுகத்தூர்ப் பள்ளிகள் இந்த ஜூனிலேயே இதைத் தொடங்கலாம்.