எந்தப் பேட்டை?

விமர்சகர்கள் கண்டுகொள்ளாமல் விட்ட ஓர் இலக்கிய வகை இருக்கிறது. வெளியூரில் நாலைந்து நாள் தங்க இன்டர்நெட்டில் வீடு பிடிக்கிறோமே, அதில் 'சுற்றுப்புறம்' என்று தலைப்புப் போட்டு நாலு பாரா வருமே, அதுதான். வீட்டைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் அடக்கி வாசிப்பார்கள். கட்டில் இருக்கிறதா இல்லையா என்பது போனவுடன் தெரிந்துவிடும். பேட்டையைப் பற்றி எழுதும்போதுதான் கற்பனை பிய்த்துக்கொண்டு போகும்.

ஐரோப்பா போகிற நம்மூர்க் குடும்பங்கள் பலவும் இந்த வாடகை வீடுகளைத் தேடுவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. "ஏங்க, அடுப்பு இருக்கில்ல? அம்மாவுக்கு ரெண்டு வேளையாவது ரசம் சாதம் வேணும்" என்றால் சாதாரண ஹோட்டலில் அதற்குப் பதில் கிடையாது. ஆகவே வீடு. ஆகவே, எந்தப் பேட்டை என்கிற கேள்வி.

பார்சிலோனாவை எடுத்துக்கொள்வோம். இந்த வகை இலக்கியம் செழித்த ஊர் அது. அதனாலேயே பெரிய சண்டை வந்த ஊரும்கூட.

முதலில் விளம்பரங்களில் அடிக்கடி வரும் சொற்களுக்கு அர்த்தம் பார்ப்போம். 'மத்தியகால வாசம் வீசும் காதிக் குவார்ட்டர்.' சந்துகள் பழசுதான், ரோமானியர் காலத்துச் சுவர்கூட இருக்கிறது. ஆனால் எல்லோரும் அண்ணாந்து போட்டோ எடுக்கிற பிஷப் பாலம் 1928-ல் கட்டியது. கதீட்ரலின் முகப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வைத்தது. நகர வரலாற்று மியூசியம் இருக்கும் கட்டடத்தை 1931-ல் வேறு தெருவிலிருந்து கல் கல்லாகப் பெயர்த்து வந்து நட்டிருக்கிறார்கள். டூரிஸ்டுக்காக ஜோடிப்பது நேற்று வந்த வழக்கமில்லை என்று தெரிகிறது. நமக்கு முக்கியமான சமாசாரம் வேறு. அங்கே பல கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது, கார் வாசல் வரை வராது. கல் பாவிய சந்தில் இரண்டு பெரிய பெட்டியை உருட்டி, குறுகலான படியில் நாலு மாடி தூக்க வேண்டும். விளம்பரத்தில் இது 'தனித்தன்மை.'

'எய்ஷாம்ப்ளாவின் நேர்த்தி.' இது உண்மை. இல்தஃபோன்ஸ் செர்தா என்ற இன்ஜினீயர் போட்டு 1859-ல் அனுமதி கிடைத்த திட்டம். பக்கத்துக்கு 113 மீட்டர் சதுரக் கட்டங்கள், 20 மீட்டர் அகலத் தெருக்கள், முனைகளைச் சீவிவிட்ட நாற்சந்திகள். காற்றும் வெளிச்சமும் எல்லாருக்கும் வேண்டும் என்று அந்த மனுஷர் ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் தோட்டத்துக்கு இடம் விட்டார். பின்னால் வந்தவர்கள் அதையும் விடாமல் கட்டடம் எழுப்பினார்கள். (உலகம் பூராவும் இதேதான்.) அப்படியும் உள்பக்கம் பார்த்த படுக்கையறை அமைதியாக இருக்கும், தெருப்பக்கம் பார்த்ததில் டிராஃபிக் சத்தம் வந்துகொண்டே இருக்கும். ஒரே வீட்டில் இரண்டு ஊர். எந்தப் பக்கம் என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். இன்னொன்று, அங்கே பழைய கட்டடங்களில் தரைத்தளத்துக்கு மேல் 'எந்த்ரெஸ்வெலோ', அதற்கு மேல் 'பிரின்ஸிபால்', அதற்கப்புறம்தான் முதல் மாடி என்று எண்ணுவதும் உண்டு. 'முதல் மாடிதானே' என்று முழங்கால் வலிக்காரரை அழைத்துப்போனால் மூன்றாவது மாடியில் மூச்சு வாங்கும்.

'கிராசியா: கிராமத்து மனசு.' 1897 வரை தனி ஊராக இருந்தது, அந்த ரோஷம் இன்னும் இருக்கிறது. சின்னச் சின்னச் சதுக்கங்கள், மரத்தடி பெஞ்சுகள். ஆனால் 'உயிர்ப்பான சதுக்கம்' என்று படித்தால் சத்தம் என்று எழுதிக்கொள்ளுங்கள். பிளாசா தெல் சோல் சதுக்கத்தில் குடியிருப்பவர்கள் தாங்களே கருவி வைத்து ராத்திரி சத்தத்தை அளந்து நகராட்சியோடு மல்லுக்கட்டினார்கள். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி ஒரு வாரம் தெருத் தெருவாகத் தோரணம் கட்டித் திருவிழா. பார்க்கக் கண்கொள்ளாது, தூக்கம் வராது.

'ரவால்: பல கலாசாரங்களின் சங்கமம்.' சில விளம்பரங்களில் இந்தப் பெயரையே சொல்லாமல் 'ராம்ப்ளாவுக்குப் பின்னால்' என்று நழுவுவார்கள். பாகிஸ்தான், வங்கதேசம், பிலிப்பைன்ஸ்காரர்கள் நிறைய வாழும் நெருக்கமான பேட்டை. மற்றவர்கள் முகம் சுளிக்கிற இந்த இடத்தில்தான் நமக்குப் பருப்பும் பாசுமதியும் மிளகாய்த்தூளும் கிடைக்கும். பிக்பாக்கெட் விஷயத்தில் ஜாக்கிரதை தேவை. ஆனால் பக்கத்தில் பளபளக்கும் ராம்ப்ளாவிலும் அதே ஜாக்கிரதை தேவை.

'எல்லாம் நடந்துபோகும் தூரம்' என்பது மேப்பில் ஸ்கேல் வைத்துச் சொல்வது. கௌடியின் கூயெல் பூங்காவுக்குப் பக்கத்தில் வீடு என்றால் அது மேடு என்பதை ஸ்கேல் சொல்லாது. மெட்ரோ எத்தனை நிமிஷம் என்று மட்டும் கேட்டுப் பயனில்லை, எத்தனை மணி வரை என்றும் பாருங்கள். வார நாட்களில் நள்ளிரவோடு சரி, வெள்ளிக்கிழமை இரண்டு மணி, சனிக்கிழமை மட்டும் விடிய விடிய ஓடும்.

இதுவரை சொன்னது பொருள் அகராதி. இனிமேல்தான் விமர்சனம்.

இந்த இலக்கியத்தில் அதிகம் விலைபோகிற வாக்கியம் ஒன்று உண்டு. 'உள்ளூர்க்காரர் போல வாழுங்கள்.' 2016-ல் ஏர்பிஎன்பி இதையே பெரிய விளம்பர இயக்கமாக நடத்தியது. ஊரைப் பார்க்கப் போகாதீர்கள், அங்கே வாழப் போங்கள் என்று பொருள்படும் கோஷம். கேட்க நன்றாக இருக்கிறது. யோசித்தால் உதைக்கிறது. உள்ளூர்க்காரர் இருந்த வீட்டில்தானே நாம் உள்ளூர்க்காரராக வாழப்போகிறோம்? அவர் எங்கே போனார்?

பார்சலோனெட்டாவைப் பாருங்கள். கடற்கரை ஓரமாக 1753-ல் கட்ட ஆரம்பித்து, மீனவர்களும் துறைமுகத் தொழிலாளிகளும் வாழ்ந்த பேட்டை. ஒரு வீட்டை நாலாகப் பிரித்ததில் ஒரு குடித்தனத்துக்கு முப்பது சதுர மீட்டர் சொச்சம்தான் தேறியது. சுவருக்கு அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அத்தகைய இடத்தில் வாராவாரம் புது ஆட்கள், பெட்டி உருட்டும் சத்தம், விடியற்காலைப் பாட்டு. 2014 ஆகஸ்டில் மூன்று இத்தாலிய இளைஞர்கள் பட்டப்பகலில் பிறந்த மேனியாகத் தெருவில் உலா வந்து கடைக்குள்ளும் நுழைந்தார்கள். பேட்டையே தெருவில் இறங்கிவிட்டது.

அதற்கப்புறம் வேகம் கூடியது. 2024-ல் கூயெல் பூங்கா பக்கத்து மேட்டில் ஓடும் 116-ம் நம்பர் சின்ன பஸ்ஸை கூகிள் மேப்பிலிருந்தே எடுக்க வைத்தது நகராட்சி. டூரிஸ்டுகள் நிரம்பிவிட்டதால் காய்கறிப் பையோடு நிற்கும் பாட்டிகளுக்கு இடம் கிடைக்கவில்லை. அதே வருஷம் ஜூனில், பத்து வருஷத்தில் வாடகை 68 சதவிகிதம் ஏறிவிட்டது என்று சொல்லி, லைசென்ஸ் உள்ள 10,101 டூரிஸ்ட் ஃப்ளாட்டுகளையும் 2028 நவம்பருக்குமேல் புதுப்பிக்கப்போவதில்லை என்று மேயர் கொல்போனி அறிவித்தார். ஜூலை ஊர்வலத்தில் ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பயணிகள்மேல் பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சினார்கள். வீட்டு வாடகை ஏறியதற்கு நாங்கள் மட்டுமா காரணம், புது வீடுகள் கட்டாததும் காரணம்தானே என்கிறார்கள் ஃப்ளாட் சொந்தக்காரர்கள். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் மாடிப்படியில் தினம் ஒரு புது முகத்தைப் பார்க்கிற கிழவிக்கு அந்தப் புள்ளிவிவரம் ஆறுதல் தராது.

இப்போது நட்சத்திரங்களைப் பாருங்கள். தங்கியவர் வீட்டுக்காரருக்கு மார்க் போடுகிறார். வீட்டுக்காரர் தங்கியவரைப் பற்றி எழுதுகிறார். சுத்தம், இடம், விலை என்று தனித்தனிக் கட்டங்கள். 'இடம்' என்பதற்கு ஐந்துக்கு 4.9. சரி, அந்த இடத்திலேயே முப்பது வருஷமாக இருக்கும் எதிர்வீட்டுக்காரருக்கு ஒரு கட்டம் எங்கே? ஒரு பேட்டையைப் பற்றி எழுதத் தகுதியுள்ள ஒரே ஆளுக்கு இந்த இலக்கியத்தில் இடமில்லை. மூன்று ராத்திரி தங்கினவர் எழுதியதை நாலாவது ஆள் படித்துவிட்டுப் போகிறார். இந்த வகை எழுத்தின் பெரிய குறை பொய் சொல்வது அல்ல. பாதிப் பேரைப் பேசவிடாததுதான்.

அதற்காக யாரும் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. பேட்டையைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த எதிர்வீட்டுக்காரரையும் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொண்டால் நமக்கும் லாபம் என்கிறேன். அவருக்குத் தொந்தரவான இடம் நமக்கும் தூக்கம் தராது. அவர் காய்கறி வாங்கும் மார்க்கெட் பக்கத்தில் இருந்தால் நமக்கும் தக்காளி நன்றாகக் கிடைக்கும். 1882-ல் கட்டி, பல வருஷம் பழுது பார்த்து 2018-ல் திறந்த சந்த் அந்தோனி இரும்பு மார்க்கெட்டைச் சுற்றிய தெருக்கள் எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம்.

லைசென்ஸ் நம்பர் கேளுங்கள். பார்சிலோனாவில் அது எச்.யூ.டி.பி. என்று ஆரம்பிக்கும். 31 நாளுக்குக் குறைவாக முழு வீட்டையும் விட அது கட்டாயம். நம்பர் இல்லாதது, தப்பான நம்பர் போட்டது என்று ஏறக்குறைய 66,000 விளம்பரங்களை எடுக்கும்படி 2025 மே மாதத்தில் ஸ்பெயின் அரசு ஏர்பிஎன்பிக்கு உத்தரவிட்டது. உங்கள் வீடு அந்தப் பட்டியலில் வந்தால் நடுத்தெருவில் நிற்பது நீங்கள்தான்.

2028-க்கு அப்புறம் என்ன செய்வது என்றால், அடுப்போடு கூடிய அபார்ட்மென்ட் ஹோட்டல்கள் இருக்கின்றன. காசு கொஞ்சம் கூட ஆகலாம். ஆனால் அது குடித்தனக்காரர் காலி செய்த வீடில்லை, விருந்தாளிக்கென்றே நடத்துகிற இடம். அங்கேயும் ரசம் கொதிக்கும்.