விசிட்டிங் சார்ஜைக் கழிக்காதீர்கள்

“டாக்டரிடம் போனால் கேட்ட ஃபீஸைக் கொடுத்துவிட்டு வருகிறீர்கள். வீடு தேடி வரும் மெக்கானிக்குக் கொடுக்க மட்டும் ஏன் மனசு வரவில்லை?” ஏசியோ ஃபிரிட்ஜோ வாஷிங் மெஷினோ பழுதானால், வந்து பார்ப்பதற்கென்று வாங்கும் விசிட்டிங் சார்ஜுக்கு ஆதரவாக இன்று அதிகம் சொல்லப்படும் வாதம் இதுதான். சொல்கிறவர்கள் இதோடு பேச்சு முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். ஒப்பீட்டில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒப்பிடுவதென்றால் முழுக்க ஒப்பிட வேண்டும். டாக்டர் ஃபீஸ் வாங்குகிறார் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த ஃபீஸுக்கு அவர் என்ன தருகிறார், எதைச் செய்யக் கூடாது என்பதையெல்லாம் விட்டுவிட்டால், அது சௌகரியத்துக்கு வெட்டி எடுத்த ஒப்பீடு.

கட்டணம் நியாயமானதுதான். தியாகராய நகருக்குள் பைக்கை ஓட்டி வந்து நிறுத்த இடம் தேடியவர்கள் இதில் சண்டைக்கு வரமாட்டார்கள். லிட்டர் நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டு, உஸ்மான் சாலை நெரிசலில் அரை மணி நேரம் நின்று, பசுல்லா சாலைப் பக்கம் லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடிக்குக் கருவிப் பையோடு ஏறி வருகிறவரிடம் “பார்த்ததற்கு எதற்குக் காசு?” என்று கேட்பது அநியாயம். கோளாறு என்னவென்று தெரிந்துகொண்டு, “மச்சினன் வருவான், அவன் பார்த்துக்குவான்” என்று அனுப்பிவிடும் வீடுகளும் இங்கே உண்டு. 300 முதல் 600 ரூபாய் வரை, மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. கொடுக்கலாம்.

என் நெடுநாளைய ஆட்சேபமெல்லாம் அந்தக் கட்டணத்தை விட்டுக்கொடுக்கும் விதத்தின் மீதுதான். “வேலையைக் கொடுத்தீங்கன்னா விசிட்டிங் சார்ஜ் கிடையாது சார், பில்லுல கழிச்சிடுவோம்.” தனியாகத் தொழில் செய்யும் மெக்கானிக்கில் தொடங்கி சர்வீஸ் சென்டர் வரை, செயலி வழியாக ஆள் அனுப்புகிறவர்கள் வரை இன்று இதுதான் வழக்கம். சலுகை என்றே இது விளம்பரமாகிறது. வாங்குகிறவருக்கும் சந்தோஷம். யாருக்கும் உறுத்தாத இந்தச் சலுகைதான் மொத்த ஏற்பாட்டையும் கெடுக்கிறது என்பது என் கட்சி. கோளாறைக் கண்டுபிடிப்பவருக்குக் கண்டுபிடித்ததற்கென்று நிலையான கூலி இல்லை. வேலை அமைந்தால் அந்தக் கூலி மறைந்துவிடுகிறது, வருமானம் பாகத்திலும் கேஸிலும் ஏஎம்சி என்ற வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தத்திலும் வருகிறது. அமையாவிட்டால் வெறும் வருகைக் கூலியோடு கீழே இறங்க வேண்டும். இப்படி ஒரு கணக்கை ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு, என் வீட்டு ஏசிக்கு உண்மையில் என்ன ஆயிற்று என்று அவரிடமே கேட்கிறோம்.

ஒரு கத்திரி வெயில் நாளில் எங்கள் வீட்டு ஏசியில் குளிர் நின்றுபோனது. காற்று வந்தது, குளிர் இல்லை. வந்த இளைஞர் உள்ளே இருக்கும் யூனிட்டின் முன் கையை நீட்டிப் பார்த்தார். ரிமோட்டை வாங்கி 18-க்குக் குறைத்தார். பால்கனிக்குப் போய் அவுட்டோர் யூனிட்டை எட்டிப் பார்த்தார். “கேஸ் இல்ல சார். ஃபுல்லா போடணும். போட்டுட்டா விசிட்டிங் சார்ஜ் வராது.” கேஜ் மாட்டவில்லை. பையில் இருந்த கிளாம்ப் மீட்டர் வெளியே வரவே இல்லை. கேஸ் எங்கே போனது, எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று கேட்டேன். “அஞ்சு வருஷம் ஆச்சில்ல சார், குறையும்” என்றார். வேண்டாம் என்றதும் கட்டணத்தை வாங்கிக்கொண்டு ஜாப் ஷீட்டை நீட்டினார். புகார் என்ற இடத்தில் ‘கூலிங் இல்லை’ என்று எழுதியிருந்தது. கண்டறிந்த கோளாறு என்ற கட்டம் காலி. அதற்குக் கீழே ‘கஸ்டமர் ரெஃப்யூஸ்டு’. அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்க்கும் இன்னொரு மெக்கானிக்குத் தெரிந்துகொள்ள அதில் ஒன்றுமே இல்லை. பிறகு வந்தவர் கெப்பாசிட்டரை அளந்து பார்த்து மாற்றினார். சில நூறு ரூபாய்ப் பாகம் அது. கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தது.

ஏசிக்குள் இருக்கும் வாயு ஓட ஓடச் செலவாகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். கேஸ் இல்லை என்று சொல்வதற்கு முன்னால் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும், கம்ப்ரஸர் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அளக்க வேண்டும், உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் வெப்பம் எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று பார்க்க வேண்டும். ஒழுகல் என்று சந்தேகம் வந்தால் நைட்ரஜனை ஏற்றிச் சோப்பு நுரையால் இடத்தைக் கண்டுபிடித்துப் பற்றவைக்க வேண்டும். பிறகு வேக்குவம் போட்டு, அவுட்டோர் யூனிட்டின் தகட்டில் அச்சடித்திருக்கும் கிராம் கணக்குப்படி ஆர்-32 என்றால் ஆர்-32, ஆர்-410ஏ என்றால் அதை, எடைபோட்டு ஏற்ற வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த கைகள் இந்த ஊரில் நிறைய உண்டு. செய்தால் நேரம் போகும், அந்த நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை என்பதுதான் தடை. ஒழுகலை அடைக்காமல் மேலே மேலே ஏற்றினாலோ அடுத்த கோடையில் அதே வீட்டிலிருந்து மறுபடி அழைப்பு வரும்.

குளிர் குறைவதற்குக் காரணங்கள் பல. ஃபில்டர் அடைத்திருக்கலாம். பனகல் பூங்காவைச் சுற்றி மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடந்த வருடங்களில் அவுட்டோர் யூனிட்டுகளின் கண்டென்சரில் புழுதி அப்பியிருக்கலாம். அதற்குத் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும். “கழுவினால் சரியாகிவிடும், பாகம் எதுவும் வேண்டாம்” என்று உண்மையைச் சொல்கிறவருக்கு இந்த ஏற்பாட்டில் என்ன கிடைக்கும்? எல்லாரையும்விடக் குறைந்த பணம். திறமையாகப் பார்த்து நேர்மையாகச் சொல்கிறவருக்கு நட்டம் வரும்படி ஒரு கட்டண முறையை அமைத்துவிட்டு, மெக்கானிக்குகள் ஏமாற்றுகிறார்கள் என்று நாம் புலம்புவதில் பொருள் இல்லை. அந்த இளைஞர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் அறிவுக்கு விலை கிடையாது, பாகத்துக்கு மட்டும்தான் விலை என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள்மேல்தான் கோபம்.

வாங்கிய பிறகும் அது நமக்குத் தேவைப்பட்டதா என்று நம்மால் சொல்ல முடியாத பொருள்களையும் சேவைகளையும் பொருளாதார அறிஞர்கள் தனி வகையாகப் பிரித்திருக்கிறார்கள். 1973-இல் டார்பி, கார்னி என்ற இருவர் அந்த வகையைப் பற்றி எழுதிய கட்டுரை பழுதுபார்ப்பையும் எடுத்துப் பேசுகிறது. ஆஸ்திரியாவில் ஒரு ஆய்வுக்குழு ஒரே மாதிரி பழுதாக்கிய கணினிகளைப் பல கடைகளுக்குக் கொண்டுபோனது. செலவை இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்றுக்கொள்ளும் என்று சொன்ன இடங்களில் பில் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. 2016-இல் வெளிவந்த முடிவு இது. பழுது ஒன்றேதான். மாறியது பணம் யார் கையிலிருந்து வருகிறது என்பது மட்டும். கோளாறைச் சொல்லும் வாயும் சரிசெய்து விற்கும் கையும் ஒருவருடையதாகவே இருக்கும்போது, சொல்லும் கோளாறு பணத்தின் பக்கம் சாயும். ஆஸ்திரியாவில் சாய்ந்தது தியாகராய நகரில் நிமிர்ந்து நிற்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

இனி அந்த டாக்டருக்கு வருவோம். “ஆபரேஷனுக்குச் சம்மதித்தால் என் கன்சல்டேஷன் ஃபீஸைக் கழித்துக்கொள்கிறேன்” என்று ஒரு டாக்டர் சொன்னால் அங்கே ஒரு நிமிடம் உட்காருவோமா? இந்திய மருத்துவ மன்றத்தின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள், நோயாளியை அனுப்பிவைப்பதற்காக டாக்டர்கள் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் தடைசெய்தன. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்கச் சொன்னதும் அதே விதிகள்தான். டாக்டர் எழுதிய சீட்டை எந்த மருந்துக்கடைக்கும் எடுத்துப் போகலாம், வேறு டாக்டரிடமும் காட்டலாம். நடைமுறையில் மீறல்கள் இல்லையா என்றால், உண்டு. ஆனால் அங்கே அதற்கு மீறல் என்று பெயர். இங்கே சலுகை என்று பெயர்.

கழிக்காமல் விட்டால் வாடிக்கையாளருக்குத்தானே கூடுதல் செலவு என்பார்கள். கழித்தால் மட்டும் அந்த மெக்கானிக்கின் பெட்ரோலும் அரை நாளும் இலவசமாகிவிடுகிறதா? அந்தப் பணம் பாகத்தின் விலைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது, நம் கண்ணுக்குத் தெரியாமல். அர்பன் கம்பெனி போன்ற செயலிகள் பாகங்களின் விலைப்பட்டியலை முன்கூட்டியே காட்டுவது நல்ல மாற்றம், மறுக்கவில்லை. ஆனால் கெப்பாசிட்டர் என்ன விலை என்று தெரிவதால், என் ஏசிக்குக் கெப்பாசிட்டர்தான் வேண்டுமா என்பது தெரிந்துவிடாது. மேற்கு மாம்பலம் பக்கம் மிக்சி சரிபார்க்கும் சின்னக் கடைகளில் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் எழுவதில்லை. கடைக்காரர் நம் கண் முன்னால் கழற்றி, தேய்ந்துபோன கார்பன் பிரஷ்ஷை எடுத்துக் கையில் வைத்துக் காட்டுகிறார். நம்பிக்கை அங்கே பார்வையிலிருந்து வருகிறது. சுவரில் தொங்கும் ஏசியை அப்படிக் கழற்றிக் காட்ட முடியாது. அதனால்தான் அளவுகளை எழுதித் தரச் சொல்கிறேன்.

இப்படிக் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2019), தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதைச் சேவைக் குறைபாட்டின் வரையறைக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு, பார்த்ததில் என்ன தெரிந்தது என்பதை எழுதித் தராமல் போவது அந்த வரையறைக்குள் வரும் என்றே நான் வாதிடுவேன். 1915 என்ற உதவி எண்ணுக்கு இந்தப் புகார் போக வேண்டும். ஆனால் நம் கொள்கைப் பேச்சு வேறு பக்கம் ஓடுகிறது. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்தது, அந்த வருடம் டிசம்பர் 24-இல் இணையதளம் தொடங்கியது, 2025 மே மாதம் இன்னொரு குழு பழுதுபார்ப்புக் குறியீடு பற்றி அறிக்கை கொடுத்தது. பாகங்கள் கிடைக்க வேண்டும், கையேடு கிடைக்க வேண்டும் என்பதெல்லாம் தேவைதான். எந்தப் பாகம் வேண்டும் என்று சொல்கிறவருக்கு அதை விற்பதில் லாபம் இருக்கும்வரை, பாகம் தாராளமாகக் கிடைப்பதும் அவருக்குத்தான் உதவும். போதாததற்கு, 2025 செப்டம்பர் 22 முதல் புது ஏசிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. பழையதைச் சரிபார்க்கும் கூலிக்கும் அதே 18. தவறாகச் சொல்லப்பட்ட ஒரு கோளாறோடு பாண்டி பஜாருக்கு நடந்து போய்ப் புதிது வாங்குவது இப்போது இன்னும் எளிது.

ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த பழுதுபார்ப்புக் கட்டளையில் ஒரு படிவம் இருக்கிறது. கோளாறு என்ன, எப்படிச் சரிசெய்வது, எவ்வளவு ஆகும் என்று எழுதித் தரும் படிவம். கட்டாயமில்லை. கொடுத்துவிட்டால், அதில் சொன்ன நிபந்தனைகளை 30 நாட்களுக்கு மாற்றக் கூடாது. கோளாறைக் கண்டுபிடிக்க ஆகும் செலவை வாடிக்கையாளரிடம் கேட்டு வாங்கவும் இடம் உண்டு. படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பேரிடம் விலை கேட்கலாம். நம் மெக்கானிக்குகள் இதற்குத்தான் பயப்படுகிறார்கள்: எழுதிக் கொடுத்தால் அடுத்தவனிடம் போய்விடுவார்களே என்று. போகட்டுமே, பார்த்ததற்கு முழுக்கூலி கைக்கு வந்துவிட்டால் என்ன நட்டம்? 300-ஐக் கழித்துக்கொள்வதற்குப் பதில் 600 கேட்கட்டும், நான் தருகிறேன். அழுத்தம் இவ்வளவு, ஆம்பியர் இவ்வளவு, கெப்பாசிட்டர் அளவு இவ்வளவு, ஆகவே கோளாறு இது என்று ரசீதில் நான்கு வரி இருக்க வேண்டும். வேலையை அவரிடம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்த 600-இல் ஒரு ரூபாய் மாறக் கூடாது.