பானெட்டைத் திறந்து பார்ப்பவர்களுக்கு

ஜாகுவார் ரசிகர்களில் பெரும்பாலானோர் இ-டைப்பின் வெளியழகிலேயே சொக்கி நின்றுவிடுகிறார்கள். மால்கம் சேயர் வரைந்த அந்த நீண்ட மூக்கை யாரால் குறை சொல்ல முடியும்? நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமே 1996இல் ஓர் இ-டைப்பைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. ஆனால் எல்லாரும் புகைப்படம் எடுக்கும் பானெட் மேடு அலங்காரத்துக்காக வந்ததல்ல. அடியிலிருக்கும் எக்ஸ்கே எஞ்ஜின் உயரம் அதிகம்; அதற்கு இடம்விட வேண்டியிருந்தது. டி-டைப் பந்தயக் காரிலோ அதை எட்டரை டிகிரி சாய்த்துத்தான் உள்ளே உட்கார வைத்தார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது கவென்ட்ரி ஆலையில், குண்டு விழுந்தால் தீயணைக்க இரவுக் காவல் முறை இருந்தது. வில்லியம் ஹெய்ன்ஸ், வால்டர் ஹாசன், கிளாட் பெய்லி மூவரும் அந்த இரவுகளில் முதலாளி வில்லியம் லயன்ஸுடன் உட்கார்ந்து பேசிப் பேசி உருவாக்கிய எஞ்ஜின் இது. ஓடினால் மட்டும் போதாது, பார்க்கவும் லட்சணமாக இருக்க வேண்டும் என்பது லயன்ஸின் பிடிவாதம். சிலிண்டர் ஹெட்டில் ஹாரி வெஸ்லேக்கின் கைவண்ணம். இதிலிருந்த இரட்டை ஓவர்ஹெட் கேம்ஷாஃப்ட் என்றாலே பந்தயக் கார் என்று நினைத்த காலம் அது.

1948 எர்ல்ஸ் கோர்ட் கண்காட்சிக்குள் புதிய சலூன் தயாராகவில்லை. எஞ்ஜினைக் காட்டவாவது ஒரு வண்டி வேண்டுமே என்று அவசர அவசரமாகச் செய்ததுதான் எக்ஸ்கே 120. எஞ்ஜினுக்காகப் பிறந்த அந்த உடம்பைத்தான் உலகம் இன்னும் கொண்டாடுகிறது.

திறந்து பார்த்தால் தெரியும். கண்ணாடிபோல் மெருகேற்றிய இரண்டு அலுமினிய கேம் மூடிகள், முன்னிருந்து பின்வரை இணையாக ஓடுகின்றன. ஓரங்களில் குமிழ் நட்டுகள். நடுப்பள்ளத்தில் ஆறு ஸ்பார்க் பிளக். 1961இன் 3.8 லிட்டர் இ-டைப் என்றால் ஒரு பக்கம் மூன்று எஸ்யூ கார்புரெட்டர்கள், மறுபக்கம் எக்ஸாஸ்ட். எது எங்கே போகிறது என்று ஒரு பார்வையிலேயே பிடிபட்டுவிடும். எண்ணெய் கசியும், உண்மைதான். கசியாத பழைய எக்ஸ்கே வைத்திருப்பதாகச் சொல்பவரிடம், அதில் எண்ணெய் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

1952இல் பிரான்சின் மோன்லேரி ஓடுபாதையில் ஓர் எக்ஸ்கே 120 கூப்பே, ஏழு பகல் ஏழு இரவு சராசரியாக மணிக்கு 161 கி.மீ. வேகத்தில் ஓடியது, ஓட்டிய நால்வரில் ஸ்டிர்லிங் மாஸும் ஒருவர். லே மான்ஸ் பந்தயத்தில் இந்த எஞ்ஜின் பூட்டிய ஜாகுவார்களுக்கு 1951, 53, 55, 56, 57 என ஐந்து வெற்றிகள். இத்தனைக்கும் கடையில் வாங்கக்கூடிய சலூனிலும் இருந்தது இதே குடும்பத்து எஞ்ஜின்தான்.

வி12 கட்சிக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 1971இல் இ-டைப்புக்குள் வந்த அந்த 5.3 லிட்டர் எஞ்ஜின் வெண்ணெயாக ஓடும் என்பார்கள், ஓடும்தான். ஆனால் குழாய்களும் வயர்களும் மொய்த்துக் கிடக்கும் அந்தக் கூட்டத்தில் எஞ்ஜின் எங்கே என்று தேட வேண்டும். அதன் கர்த்தாக்களில் ஒருவரும் அதே ஹாசன் என்பது வேடிக்கை.

எக்ஸ்கேயோ ஸ்கார்பியன் இலகு டாங்கிகளிலும் உழைத்து, கடைசியாக டைம்லர் லிமோசின்களிலும் சவ ஊர்திகளிலும் நிதானமாக ஊர்ந்து, 1992இல்தான் ஓய்வு பெற்றது. இன்றைய சொகுசுக் காரின் பானெட்டைத் தூக்கினால் தெரிவது ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடி. யாரும் பார்க்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள் போலும்.

2018இல் இளவரசர் ஹாரி தன் திருமணத்தன்று மாலை ஓட்டிச் சென்ற இ-டைப் மின்சார வண்டி. எக்ஸ்கே இருந்த இடத்திலேயே, ஏறத்தாழ அதே அளவில் பேட்டரியை உட்கார வைத்திருந்தார்கள். ஊரே கைதட்டியது, ரசிகர்கள் பல்லைக் கடித்துக்கொண்டார்கள். அப்படிப்பட்ட மாற்றங்களைச் செய்து விற்கும் திட்டத்தை ஜாகுவார் அடுத்த ஆண்டே கிடப்பில் போட்டது. பிறகு அதே நிறுவனத்தின் கிளாசிக் பிரிவு, 3.8 லிட்டர் எக்ஸ்கேயின் பிளாக்கைப் புதிதாக வார்த்து விற்பனைக்குக் கொண்டுவந்தது.